கோட்டுக்கு மேலே கடைசிப் பெயர்

இரண்டு வேன்களும் பங்களா முற்றத்தில் வந்து நின்றபோது மழை விட்டிருந்தது. முதலில் இறங்கியவர் கெப்டன் ரஞ்சித். இறங்கியதும் குனிந்து காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக் கணுக்காலைப் பார்த்தார். வழியில் வேன் நின்ற இடத்தில் ஏறிய அட்டை ஒன்று ஊதிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஜே, உன் ஊர்க்காரன் என்னைக் கண்டதும் கட்டிப்பிடிச்சுக்கிட்டான்” என்றார் என்னிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்கு ஓடி, கொஞ்சம் உப்பு வாங்கி வந்து அட்டையின் மேல் வைத்தேன். அது சுருண்டு விழுந்தது. ரத்தம் மட்டும் நிற்காமல் அவருடைய வெள்ளைக் காலுறைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

அன்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கொரோனாவுக்குப் பிறகு வானம் திறந்து, நிறுத்தி வைத்த விமானங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் வேலை செய்தது இலங்கையில் ஒரு சின்ன விமானக் கம்பெனியில். இறக்கையில் பங்கா சுழலும் சிறிய விமானங்கள்தான் எங்களிடம் இருந்தன. திருச்சி, மதுரை, மாலைதீவு என்று அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போய் வருவோம். எங்களை ஒரு பெரிய கம்பெனியோடு இணைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு பல மாதம் ஓடி, ஒருநாள் உறுதியாகிவிட்டது.

விமானிகளுக்கும் சங்கம் உண்டு. எங்கள் சங்கத்துக்கு ரஞ்சித்தான் தலைவர். பெரிய கம்பெனி அவரிடம் ஒரு யோசனையைக் கொடுத்திருந்தது. அதை ஏற்றுக்கொள்வதா, மறுப்பதா என்று நாங்கள் கூடி முடிவெடுக்க வேண்டும். நீர்கொழும்பில் எந்த ஹோட்டலில் கூடினாலும் பொழுது சாய்வதற்குள் நிர்வாகத்தின் காதுக்குச் செய்தி போய்விடும்.

“போன் சிக்னல் கிடைக்காத இடமாப் பாரு, ஜே” என்றார் ரஞ்சித்.

எனக்குத் தெரிந்து அப்படி ஒரே இடம்தான் இருந்தது. தெரணியகலையிலிருந்து மேலே ஏறினால், ரப்பர் முடிந்து தேயிலை தொடங்கும் மேட்டில் இருக்கும் பழைய தோட்டத்துப் பங்களா. அதற்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில்தான் நான் பிறந்தேன். ஒரு காலத்தில் துரை குடியிருந்த பங்களாவை இப்போது லீவுக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.

சமையலறைப் பக்கம்

பங்களாவைப் பார்த்துக்கொள்வதும் சமைப்பதும் யோகராஜா. அவனும் நானும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். உப்பு வாங்கப் போனபோது அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பருப்பை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான்.

“வாங்க சேர். என்னா வேணும்?”

“டேய் யோகா, நான்டா.”

“தெரியுதுங்க சேர்.”

“சேர்னு கூப்பிடாதடா. ஒரு மாதிரியா இருக்கு.”

அவன் ஹோல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “டியூட்டியில இருக்கேன்ல. அந்தப் பெரிய மாத்தயாமார எல்லாம் சேர்னு கூப்பிட்டுட்டு ஒன்ன மட்டும் வாடா போடான்னா, மெனேஜர் காதுல விழுந்தா ஏசுவாரு. லீவு நாளாப் பாத்து வா. லயத்துல ஒக்காந்து பேரச் சொல்லிக் கூப்பிடுறேன்.”

நான் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் மறுபடி கேட்டான். “இவ்வளோ பேருமா பிளேன் ஓட்டுறாங்க?”

“ஆமா.”

“எல்லாரும் இங்க வந்துட்டா, அப்ப மேல யாரு ஓட்டுறா?”

“பாதிப் பேரு டியூட்டிக்குப் போயிருக்காங்கடா.”

“அதானே பாத்தேன்” என்று சொல்லி அப்பளம் பொரிக்கத் திரும்பிவிட்டான்.

ஹோலில் எல்லோரும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் உப்போடு அந்த நடையைத் தாண்டிப் போனபோது, இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஆளாகவும் எந்தப் பக்கத்திலும் உட்காராத ஆளாகவும் என்னை உணர்ந்தேன். அந்த உணர்வு எனக்குப் புதிதல்ல. இடம்தான் புதிது.

ஒரு நம்பருக்காக

வாசகர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். இல்லாவிட்டால் இவர்கள் ஏன் இப்படி அடித்துக்கொண்டார்கள் என்று தோன்றும்.

விமானக் கம்பெனியில் ஒவ்வொரு விமானிக்கும் ஒரு நம்பர் இருக்கும். முதலில் சேர்ந்தவருக்கு மேல் நம்பர், பிறகு வந்தவருக்குக் கீழ் நம்பர். அதைத்தான் சீனியோரிட்டி என்கிறோம். கெப்டனாக இடது சீட்டில் உட்காருவதா, துணை விமானியாக வலது சீட்டில் உட்காருவதா, எந்த விமானம், எந்த ஊர், நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டில் இருப்பதா இல்லையா, எல்லாம் அந்த நம்பரைப் பொறுத்தது. ஆட்குறைப்பு வந்தால் கீழிருந்துதான் எடுப்பார்கள்.

நம்பரை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போக முடியாது. நரைத்த தலையோடு போனாலும் அங்கே நீங்கள் கடைசி ஆள்.

நான் விமானம் கழுவப் போய் விமானியான கதையைச் சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். கழுவுவதிலும் சக்கரம் மாற்றுவதிலும் போன வருடங்கள் விமானி நம்பரில் சேராது. அதனால் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் கீழேதான் என் பெயர் வந்தது. கெப்டனாகும்போது தலையில் பாதி நரைத்துவிட்டது.

அந்த நம்பருக்காகத்தான் நான் இலங்கையிலேயே தங்கினேன். என் மனைவி நிர்மலா ஒரு நர்ஸ். மகனின் படிப்புக்காக அவனைக் கூட்டிக்கொண்டு மெல்போர்ன் போனபோது, “நீங்களும் வந்துருங்களேன்” என்றாள். “கெப்டன் ஆகட்டும், வர்றேன்” என்றேன். கெப்டன் ஆனதும், “இப்பத்தானே ஆனேன், கொஞ்ச நாள் போகட்டும்” என்றேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். போனில் மகனின் குரல் உடைந்து, தடித்து, பெரிய ஆளின் குரலானது. அதை விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் ஒரு வாடகை வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது இரண்டு கம்பெனியை ஒன்றாக்கினால் இரண்டு வரிசையை ஒரே வரிசையாக்க வேண்டும். யாருக்குப் பின்னால் யார் என்பதுதான் சண்டை.

கோடு விழுந்த இடம்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். இடம் போதாமல் இளையவர்கள் ஜன்னல் கட்டையில் ஏறிக்கொண்டார்கள். ரஞ்சித் எழுந்து நின்று பேசினார். அவர் பேசியது சிங்களத்தில். என் தமிழில் எழுதுகிறேன்.

“அவங்க சொல்றது இதுதான். நம்ம கெப்டன்மார் எல்லாரும் கெப்டனாவே இருக்கலாம், நம்ம விமானங்கள்லயே. துணை விமானிகள் எல்லாரும் அவங்க வரிசைக்குக் கீழ போகணும். இதுக்குச் சரின்னு சொன்னா வேற எதிலயும் கை வைக்க மாட்டாங்க. இல்லன்னா பேச்சுவார்த்தை, நடுவர், வழக்கு. என்ன ஆகும்னு எனக்கே தெரியாது.”

ஜன்னல் கட்டையிலிருந்து தில்மி இறங்கினாள். எங்கள் துணை விமானிகளில் மிக இளையவள். பயிற்சிக் காலத்தில் பல மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து பறந்தவள்.

“கீழ போனா என்ன நடக்கும்னு சொல்லுங்க, கெப்டன். அவங்ககிட்ட ஏற்கெனவே ஆள் கூட. முதல் குறைப்பிலயே நாங்க வீட்டுக்குத்தான்.”

“அப்படின்னு அவங்க சொல்லல.”

“மாட்டோம்னும் சொல்லல.”

ஒரு மூத்த கெப்டன் மேசையைத் தட்டினார். “நாங்களும் ஒருகாலத்துல கடைசியில நின்னவங்கதான் பிள்ளை. நீங்க சின்ன வயசு, வேற இடம் தேடிக்கலாம். எங்கள இப்ப யாரு எடுப்பா?”

“சேர்ந்த தேதிப்படி ரெண்டு வரிசையையும் கலக்கச் சொல்லுங்க. அதுதானே நியாயம்?” என்றான் இன்னொரு துணை விமானி.

“எந்தத் தேதி? கம்பெனியில சேர்ந்த தேதியா, விமானியான தேதியா?” என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கழுவிய வருடங்களைச் சேர்த்தால் நான் ரஞ்சித்துக்கே பக்கத்தில் வருவேன். யாரும் சிரிக்கவில்லை.

பேச்சு வலுத்தது. சங்கம் என்பது யாருக்காக என்று கேட்டார்கள். சந்தா மட்டும் எல்லோரிடமும் வாங்கினீர்கள் என்றார்கள். ஒருவர், இணைப்பையே எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யலாம் என்றார். இப்போதுதான் திறந்த கம்பெனியை மறுபடி மூடுவதா என்று இன்னொருவர் பாய்ந்தார். எல்லோரும் சொன்னதில் ஏதோ ஓர் உண்மை இருந்தது. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

தில்மி என் பக்கம் திரும்பினாள். சிங்களத்தில் அண்ணனை அய்யா என்பார்கள். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

“ஜே அய்யா, உங்க பேருக்குக் கீழதானே கோடு போட்டிருக்காங்க?”

ஆமாம். கெப்டன்மாரில் கடைசிப் பெயர் என்னுடையது. எனக்கு அடுத்த பெயரிலிருந்து எல்லோரும் கீழே போகிறவர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“கொஞ்சம் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து கை தூக்குவோம்” என்றார் ரஞ்சித்.

மேல் கணக்கு, கீழ்க் கணக்கு

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பங்களாவின் புல்வெளி முடிகிற இடத்திலிருந்து பார்த்தால் எதிர்மலை முழுதும் தெரியும். மழை நின்ற மலையில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கொழுந்து எடுக்கும் பெண்கள் சிலர் சரிவில் இருந்தார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தச் சரிவு நிறைய ஆட்கள் இருப்பார்கள்.

எங்கள் தோட்டம் இரண்டு டிவிசனாக இருந்தது. நாங்கள் அதைக் கணக்கு என்போம். மேல் கணக்கு, கீழ்க் கணக்கு. அம்மாவும் அம்மாவின் தங்கை மேரி சித்தியும் கீழ்க் கணக்கில் வேலை செய்தார்கள். கீழ்க் கணக்கு மலை தட்டையானது, பாதைக்குப் பக்கம். இருவரும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்தபடி பேசிக்கொண்டே போவார்கள். காலையில் தொடங்கிய கதை பின்னேரம் கொழுந்து நிறுக்கும் வரை போகும்.

கீழ்க் கணக்கில் பாதியை ரப்பருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு கணக்கையும் ஒன்றாக்கினார்கள். மேல் கணக்கு ஆட்கள், “இது எங்க மலை, நல்ல நிரை எங்களுக்குத்தான்” என்றார்கள். கீழ்க் கணக்குப் பெண்கள் எல்லோருக்கும் செங்குத்தான ஓரத்து நிரைகள் கிடைத்தன. ஒருநாள் அவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மலை அடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. பெண்கள் உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன் வேலை நேரத்தில் கண்டதேயில்லை.

தோட்டத் தொழிற்சங்கத்துத் தலைவர்மார் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கீழ்க் கணக்கில் பல வருடம் வேலை செய்தவர்களுக்கு நல்ல நிரை. புதிதாகப் பேர் பதிந்தவர்கள் ஓரத்துக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு நல்ல நிரை கிடைத்தது. சித்தி ஓரத்துக்குப் போனாள்.

அம்மா மறுக்கவில்லை. அவருக்கு அப்போதே முழங்கால் வலி. நல்ல நிரையை எடுத்துக்கொண்டார். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இருவரும் வேறு வேறு பக்கத்து மலையில் நின்றார்கள். பகல் தேத்தண்ணிக்குச் சித்தி லயத்தில் எங்கள் காம்பரா அறைக்கு வருவது நின்றது. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கண்டால், “அக்கா, சொகமா?” என்று கேட்பாள். பக்கத்துக் காம்பராவில் இருப்பவளிடம் யாராவது சுகம் விசாரிப்பார்களா?

நான் இரத்தினபுரிக்குப் படிக்கப் போன பிறகு ஒரு லீவில் அம்மாவிடம் கேட்டேன். “சித்தி ஏம்மா இப்பல்லாம் வர்றதில்ல?”

அம்மா மா பிசைந்துகொண்டிருந்தார். “தூரமாயிருச்சுப்பா” என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி இருமுவது கேட்டது.

கை

மறுபடி உள்ளே போனபோது ரஞ்சித் எனக்கு வழிவிட்டு, தோளில் கை வைத்தார். “சீக்கிரம் முடிச்சிடுவோம்” என்றார். அந்தக் கையில் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. என்னைக் கெப்டனாகப் பயிற்றுவித்தவர் அவர். என் மகனின் ஞானஸ்நானத்துக்கு வந்து சாப்பிட்டவர். பல வாரம் கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டி அந்த யோசனையை வாங்கி வந்தவரும் அவர்தான். அந்தக் கோட்டை என் பெயருக்குக் கீழே இழுக்க வைப்பதற்கே அவர் தனியாகப் போராடியிருந்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். முதலில் அந்தக் கோடு எனக்கு மேலே இருந்திருக்கிறது.

“யோசனையை ஏத்துக்கிறவங்க” என்றார்.

கெப்டன்மாரின் கைகள் எழுந்தன. ரஞ்சித் எண்ணிக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். என் கை மேசை மேலேயே இருந்தது.

“ஜே?”

கையை நான் எடுக்கவில்லை.

“வேணாம்கிறவங்க” என்றார்.

துணை விமானிகளோடு நானும் கை தூக்கினேன். அந்த ஒரு கையால்தான் யோசனை தோற்றது. ரஞ்சித் இரண்டாம் தடவை எண்ணவில்லை.

“சரி. நம்ம சங்கம் முடிவெடுத்திருச்சு” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அம்மா, சித்தி, எதிர்மலை என்று அந்த ஹோலில் என்ன சொல்ல முடியும்? ஒரு துணை விமானி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். தில்மி தூரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். கெப்டன்மார் ஒரு வேனிலும் இளையவர்கள் மற்ற வேனிலும் ஏறினார்கள். வரும்போது அப்படி இருக்கவில்லை. முதல் வேனில் என் இடத்தில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

“நான் நாளைக்கு பஸ்ல வர்றேன்” என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

யோகராஜா மிச்சச் சோற்றைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். “சண்டையா சேர்?” என்றான்.

“ஆமா.”

“அடிதடி இல்லாமத்தானே முடிஞ்சிச்சு?”

“அடிதடி இல்ல.”

“அப்ப பரவால்ல. ஒக்காரு, சாப்பிடு” என்று வாழையிலையை எடுத்துப் போட்டான்.

வலது பக்கச் சீட்

பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஒரு நடுவர் வந்து வரிசையைக் கலந்து எழுதினார். பெரிய கம்பெனி விமானிகள் சிலருக்குப் பின் எங்களில் ஒருவர் என்ற கணக்கில் பெயர்கள் வந்தன. குறிப்பிட்ட காலத்துக்கு யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்றும் எழுதினார். எங்கள் இளையவர்கள் ஒருவருக்கும் வேலை போகவில்லை.

கெப்டன்மாரில் ரஞ்சித் போன்ற சில மூத்தவர்கள் மட்டும் கெப்டனாக நிலைத்தார்கள். மற்றவர்கள் துணை விமானி ஆனார்கள். நானும் ஆனேன். தோளில் இருந்த நான்கு பட்டிகளில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. புதுச் சட்டையைக் கம்பெனி கொடுத்தது. பழைய சட்டையை அலுமாரியில் தொங்கவிட்டேன்.

எங்களைத் துணை விமானி ஆக்கியவன் ஜே என்று பழைய நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். என்னிடம் நேரே ஒருவரும் சொல்லவில்லை. நான் வந்தால் விமானிகள் அறையில் பேச்சு தேத்தண்ணி பற்றியோ மழை பற்றியோ மாறிவிடும். ரஞ்சித் என்னைக் கண்டால், “குட் மோர்னிங், கெப்டன் ஜெயசீலன்” என்பார். நான் கெப்டன் இல்லாமல் போன பிறகுதான் அப்படிக் கூப்பிடத் தொடங்கினார்.

தில்மி சில மாதத்தில் வளைகுடாவுக்குப் போய்விட்டாள். நல்ல வேலை, பெரிய விமானம். போவதற்கு முன் வந்து, “உங்களுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியல, அய்யா” என்றாள்.

“ஒண்ணும் சொல்ல வேணாம். போய் நல்லாப் பற” என்றேன்.

அவள் போனதில் எனக்குக் கோபமில்லை. அந்த வயதில் நானும் போயிருப்பேன். ஆனாலும் அவளுடைய பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட நாளில், அந்தக் கையை நான் யாருக்காகத் தூக்கினேன் என்ற கேள்வி வந்தது. மற்றவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நிர்மலாவிடம் போனில் சொன்னேன். “நம்பர்தான் போயிருச்சே. இப்பவாவது வரலாமே” என்றாள்.

“அங்க வந்தா என்னை யாரும் பறக்க விட மாட்டாங்க, நிர்மலா. இந்த வயசுல முதல்ல இருந்து பரீட்சை எழுதணும்.”

“பறக்காம இருக்க முடியாதா?”

அதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரியும். அதனால்தான் அவள் உடனே மகனின் பரீட்சையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

ஒரு லீவு நாளில் தெரணியகலைக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து த்ரீவீலர் பிடித்து லயத்துக்குப் போனேன். யோகராஜாவின் காம்பரா பூட்டியிருந்தது. பங்களாவை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவன் கொழும்பில் ஏதோ கடையில் சமைக்கிறானாம். எங்கள் காம்பராவில் வேறு குடும்பம். சித்தி இருந்த காம்பராவின் கூரைத் தகரம் இறங்கியிருந்தது. அம்மாவும் சித்தியும் இறந்து பல காலமாகிறது. கோயில் பக்கத்துப் பீலியில் முகம் கழுவிவிட்டு அதே த்ரீவீலரில் திரும்பினேன்.

“யாரையும் பாக்கலியா மாத்தயா?” என்று கேட்டான் ஓட்டி வந்தவன்.

“யாரும் இல்லப்பா.”

ரஞ்சித்தின் கடைசிப் பயணம்

ரஞ்சித் ஓய்வு பெறும் நாள் வந்தது. மதுரைக்குப் போய்த் திரும்புவது அவருடைய கடைசிப் பயணம். துணை விமானியாக என் பெயர் போட்டிருந்தது. தவறுதலாக இருக்கும் என்று நினைத்து, டியூட்டி போடும் பிள்ளைக்கு போன் செய்தேன்.

“இல்ல சேர். அவரேதான் கேட்டாரு” என்றாள்.

காலையில் சந்தித்தபோது தலையை அசைத்தார். போகும் வழி முழுதும் செக்லிஸ்டைத் தவிர வேறு பேச்சு இல்லை. நான் வாசித்தேன், அவர் பதில் சொன்னார். அந்தப் பதில்களில் ஒரு பிசகும் இருக்கவில்லை. மதுரையில் இறங்கியதும் அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு கட்லட்டை என் பக்கம் நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது கடல் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் முன்னே பார்த்தபடியே பேசினார்.

“அன்னைக்கு நீ கை தூக்கினது சரின்னு நான் இப்பவும் நினைக்கல, ஜே.”

“தெரியும்.”

“சொல்லிவைக்கணும்னுதான் சொன்னேன். மனசு மாறிட்டேன்னு நீ நினைச்சிடக் கூடாது.”

“நினைக்கல.”

கொஞ்ச தூரம் போனோம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்புறம் ஏன் என்னைக் கேட்டீங்க?”

அவர் எரிபொருள் முள்ளைப் பார்த்தார். பார்க்க வேண்டிய நேரம் அதுவல்ல.

“கடைசி நாள்ல பக்கத்துல யாரு வேணும்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சு. ரொம்ப யோசிச்சேன். வேற பேரு வரல.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே கரை தெரியத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு இருவருக்கும் வேலை இருந்தது.

விமானத்தை அவரே இறக்கினார். சக்கரம் கொஞ்சம் தடாரென்று தரையைத் தொட்டது. உச்சுக் கொட்டினார்.

“நல்லா இறங்கல” என்றார்.

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“பொய் சொல்லாத” என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஓய்வு பெறும் கெப்டனுக்கு மரியாதையாகத் தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் நின்று தண்ணீரை வளைவாகப் பாய்ச்சின. அதற்குள் புகுந்து வந்து நிறுத்தினோம். கதவைத் திறந்ததும் அவருடைய மனைவி, மகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஏறி வந்தார்கள். மாலை போட்டார்கள். படம் எடுத்தவர் என் தோள் படத்துக்குள் விழுகிறது என்றார். நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். ரஞ்சித் இறங்கும்போது என் கையைப் பிடித்தார். குலுக்கவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனார். படிக்கட்டில் சிரிப்புச் சத்தம் இறங்கிப் போய், வேன் கதவு மூடும் சத்தத்தோடு நின்றது.

அந்த விமானம் அன்று இன்னொரு பயணம் போக வேண்டியிருந்தது. நான் என் சீட்டிலேயே இருந்தேன். சிறிது நேரத்தில் அடுத்த கெப்டன் வந்தார். பெரிய கம்பெனியிலிருந்து வந்தவர். என் மகனைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். “குட் ஆஃப்டர்நூன், சேர்” என்று சொல்லிவிட்டு இடது சீட்டில் உட்கார்ந்தார்.

ரஞ்சித் உயரமான மனிதர். சீட் மிகவும் பின்னால் தள்ளியிருந்தது. இளைஞரின் கால்கள் எட்டவில்லை. அவர் குனிந்து பிடியைத் தேடி, சீட்டை முன்னே இழுத்து, தன் அளவுக்கு வைத்துக்கொண்டார்.

“ஆரம்பிப்போமா?” என்றார்.

நான் செக்லிஸ்டை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தேன்.